பூட்டி வைத்த சுத்தம்

பள்ளிப்பட்டுப் பக்கத்துச் சுகாதார நிலையம் ஒன்றில் மணியம்மை ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். பேருக்குத்தான் துப்புரவு. பிரசவ அறையில் ரத்தம் துடைப்பதிலிருந்து நர்ஸம்மாவுக்கு டீ வாங்கி வருவது வரை எல்லாம் அவள் தலையில். கையுறை கேட்டால், "போன மாசந்தானே குடுத்தேன், கழுவிப் போட்டுக்கோ" என்பான் சூப்பர்வைசர் பக்தவச்சலம்.

தரச்சான்று தரும் குழு வருகிறது என்றதும் கட்டடத்துக்கே கல்யாணக் களை வந்துவிட்டது. சுவருக்கு வெள்ளை, கட்டிலுக்குப் புது விரிப்பு. கழிப்பறையை மணியம்மை ஆசிட் ஊற்றி, மூச்சு முட்டத் தேய்த்தாள். தேய்த்து முடித்ததும் பக்தவச்சலம் அதைப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்தான்.

"அவுங்க போற வரைக்கும் யாரையும் வுடாதே. அசிங்கம் பண்ணிடுவாங்க."

"வார்டுல கீறவங்க இன்னா பண்ணுவாங்க சார்?"

"பின்னாடி முள்ளுக்காடு கீதில்ல."

விரிப்பு கசங்கும் என்று நோயாளிகளையும் கட்டிலை விட்டு எழுப்பி வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் சௌமியாவும் இருந்தாள். விடியற்காலையில்தான் பிள்ளை பெற்றவள். தையல் போட்ட உடம்பு. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பெஞ்சில் ஒருக்களித்திருந்தாள்.

"யக்கா, ரத்தம் போய்கினே கீது. துணி மாத்தணும்."

திறந்தால் வேலை போய்விடும். ஒப்பந்த ஆளை நிறுத்த ஒரு போன் போதும். ஆனால் இவளை முள்ளுக்காட்டுக்கா அனுப்புவது? கன்று போட்ட மாட்டைக்கூட அன்றைக்கு யாரும் கொட்டகையை விட்டு விரட்ட மாட்டார்கள். குழந்தையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு மணியம்மை கழிப்பறையைத் திறந்து சௌமியாவை உள்ளே விட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. பக்தவச்சலம் ஓடி வந்தான். மணியம்மை வாயைத் திறப்பதற்குள் கதவை இழுத்துப் பூட்டி, பூட்டிலேயே தொங்கிய சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"சார், உள்ள அந்தப் பொண்ணு..."

"அஞ்சு நிமிசத்துல செத்துட மாட்டா. பேசாம நில்லு."

குழுவின் தலைவியான அதிகாரி கதவையும் அதில் ஒட்டியிருந்த கைகழுவும் முறைப் படத்தையும் போனில் போட்டோ எடுத்தார். உள்ளேயிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"என்னது அது?"

"பூனைங்க மேடம்."

இத்தனை வருஷம் அள்ளிய எதிலும் இப்படி ஓர் அசிங்கத்தை மணியம்மை பார்த்ததில்லை. "பூன இல்லீங்கம்மா. புள்ள பெத்தவ. இந்த ஆளுதான் வெச்சிப் பூட்டினாரு."

பக்தவச்சலம் பூட்டைத் திறந்தான். சௌமியா சுவரைப் பிடித்தபடி சரிந்திருந்தாள். வெள்ளை டைல்ஸ் எங்கும் ரத்தம். அதிகாரி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"க்ளீன் பண்ணிட்டுக் கூப்பிடுங்க. திரும்ப ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்று அடுத்த அறைக்கு நடந்தார். கூட வந்தவர்களும் பின்னாலேயே போனார்கள். அத்தனை பட்டதாரிகளில் ஒருவருக்குக்கூட, எப்படிம்மா இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை.

பக்தவச்சலம் மாப்பை நீட்டினான். "தொடை."

"நீயே தொடை."

மணியம்மை சௌமியாவைத் தாங்கிப் போய்ப் புது விரிப்பில் படுக்க வைத்தாள். குழுவுக்குப் பின்னால் சிரித்த முகமாய்ப் போய்க்கொண்டிருந்த நர்ஸின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். ஊசி போட்ட பிறகு மெல்ல ரத்தம் நின்றது.

மறுநாள் மணியம்மைக்குப் போன் வந்தது.

நிலையத்துக்குச் சான்றும் வந்தது. கண்ணாடி போட்டு அதைச் சுவரில் மாட்டிய அன்று மணியம்மை திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள்.