நின்ற பிறகு கொதித்த டிராக்டர்

எங்கள் மாமா ஓட்டிய டிராக்டருக்கு விசித்திரமான ஒரு நோய் இருந்தது. ஓடும்வரை ஒழுங்காக இருக்கும். நிறுத்திய பிறகுதான் கொதிக்கும்.

அறுபதுகளின் நடுவில் எனக்கு ஒன்பது வயது. தாராவியில் வாப்பாவுக்குச் சிறிய ஒர்க்‌ஷாப் இருந்தது. உம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் தங்கியிருந்தார். தோல் கம்பெனியில் டிரைவர் வேலை. வாப்பா கம்பெனி முதலாளி சேட்டிடம் சொல்லி வாங்கித் தந்தது. பாந்த்ராவிலிருந்து பச்சைத் தோலை ட்ரெய்லரில் இழுத்துவர வேண்டும். வண்டி வெள்ளைக்காரன் காலத்தது. இரண்டு கை மாறித்தான் சேட்டிடம் வந்திருந்தது.

சாயங்காலம் லோடோடு வந்து மாமா இன்ஜினை நிறுத்துவார். இரண்டு நிமிடம் கழித்து ரேடியேட்டர் மூடி சீறும். ஆவி தகரக்கூரை உயரத்துக்குப் போகும். தினமும் இதே கதை.

வாப்பா ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். ரேடியேட்டரைச் சோடா உப்புப் போட்டு அலசினார். பெல்ட்டை இறுக்கினார். சூடானால் திறந்து தண்ணீரை விடும் தெர்மாஸ்டாட்டை உம்மாவின் டீச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தார். அது சரியாகத் திறந்தது. எங்கள் டீதான் ஒரு வாரம் டீசல் வாடை அடித்தது.

சேட் பொறுமை இழந்தார். இன்னும் நான்கு நாளில் சரியாகாவிட்டால் பழைய இரும்பு வாங்கும் பங்கார்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டு லாரி பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். டிராக்டர் போனால் மாமாவின் வேலையும் போகும். வாப்பாவின் கைராசியைப் பற்றியும் நாலு பேர் பேசுவார்கள்.

"ஒன் தம்பிதான் வண்டிய என்னமோ செய்யுதான்" என்றார் வாப்பா, சாப்பிடும்போது.

"நோய் என்னன்னு தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. எந்தம்பி மேல பழி போடாதிய" என்றாள் உம்மா.

வாப்பா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

மறுநாள் அவரே லோடு இழுத்துவந்தார். நிறுத்துமுன் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பது அவர் வழக்கம். அன்று ஒரு பொட்டு ஆவிகூட வரவில்லை. வாப்பா தாடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் அதன் முன்னால் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு மாமா கூடப் போ. அவன் என்னென்ன செய்யுதான்னு ஒண்ணு விடாமப் பாத்துட்டு வந்து சொல்லு."

அப்படித்தான் சக்கர மூடியின் மேல் உட்கார்ந்து பாந்த்ராவுக்குப் போய்வந்தேன். திரும்பும்போது மாமா முழு வேகத்தில் இழுத்துவந்தார். கம்பெனி கேட்டுக்குச் சற்று முன்னால், தெருக்குழாய் இருக்கும் பைப்படித் திருப்பத்தில், பட்டென்று இன்ஜினை நிறுத்தினார்.

"ஏன் மாமா இங்க நிறுத்துதிய? கேட்டு அங்கல்லா இருக்கு?"

"இஞ்சினு களைச்சுப் போச்சு புள்ள."

ஆவி கிளம்பியது. மாமா பதறவில்லை. சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். அப்புறம் தகர டின்னோடு பைப்படிக்கு நடந்தார். தண்ணீர் ஒரு மணி நேரந்தான் வரும். அந்த வரிசையில் யாரும் யாருக்கும் ஒரு தம்ளர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் பச்சைத் தாவணி போட்ட ஓர் அக்கா, தன் வாளியிலிருந்து பாதியை மாமாவின் டின்னில் ஊற்றினாள்.

"நாளைக்காச்சும் வண்டியச் சரி பண்ணிருங்க" என்றாள்.

"சரியாயிட்டா தண்ணி வேண்டாம்லா" என்றார் மாமா.

இருவரும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

சீப்பு உட்பட எல்லாவற்றையும் வாப்பாவிடம் ஒப்பித்தேன். அவர் பழைய பேட்டரிப் பெட்டி மேல் உட்கார்ந்து, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார்.

"லோடு இழுத்த சூட்டோட நிறுத்தினா பம்பும் நின்னுரும் புள்ள. தண்ணி ஓடாது, நின்ன எடத்துலயே கொதிக்கும். அஞ்சு நிமிசம் சும்மா ஓடவிட்டு நிறுத்தணும். இது அவனுக்கும் தெரியும்." பிறகு முகம் மாறியது. "பைப்படி சங்கதிய வெளிய யார்ட்டயும் சொல்லிராத."

காலையில் சேட் வந்தார். வாப்பா ரேடியேட்டர் மூடியைக் காட்டி, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, புதுசு போட்டாயிற்று என்று இந்தியில் விளக்கினார். நான் "இல்ல வாப்பா" என்று ஆரம்பித்தேன். தோளில் அவர் கை அழுந்தியது. அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது. மாமா அங்கேதான் நின்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. சேட் போனதும் வாப்பா அவரிடம் ஒன்றுதான் சொன்னார்: "இனிமே ஓடவிட்டு நிறுத்து, மாப்ள."

நோயைக் கண்டுபிடித்தவள் நான்; பெயர் ஒரு மூடிக்குப் போய்விட்டது. இரண்டு நாள் வாப்பாவோடு சேர்ந்து சாப்பிட மறுத்தேன். உண்மை வெளியே வந்திருந்தால் அந்த அக்கா அதன் பிறகு பைப்படியில் தலை நிமிர்ந்து நின்றிருக்க முடியாது என்பதெல்லாம் எனக்கு அப்போது எட்டவில்லை.

டிராக்டர் அதன்பின் கொதிக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வாப்பா வெள்ளைச் சட்டையும் உம்மா பெருநாள் சேலையுமாக, பழமும் மிட்டாய்ப் பெட்டியும் எடுத்துக்கொண்டு, அந்த அக்காவின் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். இத்தனை நாள் வாங்கிய தண்ணீருக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நியாயந்தான் என்று பட்டது. சந்து முனையை அவர்கள் தாண்டுவதற்குள் ஓடிப்போய்க் கத்தினேன்:

"வாப்பா, அவங்ககிட்டயாச்சும் உண்மையச் சொல்லிருங்க!"