பொரிக்குப் பின்னால் வந்த மீன்கள்

திரையில் ஒரு புள்ளி தெரிந்தால் ஒரு மீன், பத்துப் புள்ளி தெரிந்தால் பத்து மீன் என்று நான் நம்பினேன். அதுவும் நாற்பத்தெட்டு வயதில், மீன் கணக்கெடுக்கும் வேலையில் இத்தனை வருடம் குப்பை கொட்டிய பிறகு.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம், அணைக்கட்டுக்கு மேலே ஆறு குளம்போலத் தேங்கி நிற்கும் இடம். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது மீனில் பட்டுத் திரும்புவதை வைத்து எவ்வளவு மீன் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். குறைவு என்றால் இந்த வருடம் மீன்குஞ்சு விடுவார்கள். நிறைய என்றால் விடமாட்டார்கள். அங்கே வலை போட்டுப் பிழைக்கிற மீனவர் சங்கத்தாரின் அடுத்த வருடச் சோறு என் கருவிப் பெட்டிக்குள் இருந்தது.

படகோட்டியும் சங்கத்து ஆள்தான். இரைச்சலுக்கு மீன் ஓடிவிடும் என்று இன்ஜினை அணைத்துத் துடுப்புப் போடச் சொன்னேன். செம்புக் குண்டைக் கயிற்றில் கட்டிக் கருவிக்குக் கீழே தொங்கவிட்டு, எதிரொலி சரியாக வருகிறதா என்று மூன்று தடவை சோதித்தேன். என் நுணுக்கம் அதோடு தீர்ந்தது. படித்துறையில் குளிக்க வருகிறவர்கள் மீனுக்குப் பொரி போடுவார்கள். நானும் ஒரு பை வாங்கினேன். பாதி எனக்கு, பாதி மீனுக்கு. படகு குறுக்கும் நெடுக்குமாகப் போகப் போக அள்ளி வீசிக்கொண்டே வந்தேன். திரை பூராவும் புள்ளி. தண்ணீரைவிட மீன் அதிகம் என்கிற தொனியில் அறிக்கை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் சங்கத்தார் வலை இழுத்தார்கள். அரைக் கூடை கெண்டை, ஒரு செருப்பு.

குண்டை மறுபடி தொங்கவிட்டுப் பார்த்தேன். கருவியில் ஒரு குறையும் இல்லை. குறை இருக்கக்கூடிய மிச்சப் பொருள் நான் ஒருவன்தான். தேயிலைத் தோட்டத்து ஆளெல்லாம் இறங்கிப்போன மாஞ்சோலை மலைக்கு என்னை மாற்றி அட்டைப்பூச்சி எண்ணச் சொல்வார்கள் என்று முடிவுகட்டி, வீட்டுக்குப் போன் போட்டுக் கம்பளியை எடுத்துவைக்கச் சொன்னேன். உப்பும் வைக்கவா, அட்டைக்கு ஆகும் என்றாள் மனைவி.

படகோட்டி பீடியைப் பற்றவைத்தார். "அண்ணாச்சி, நேத்து பொரி போட்டியளே, அதுவும் கணக்குல சேத்தியா?"

"அது சும்மா போட்டது வே."

"சும்மாவா? நான் அது சர்க்கார் முறையாக்கும்னுல்லா பேசாம இருந்தேன். படித்துறை மீனு பூரா நம்ம பின்னாலயே வந்துச்சு. ஒரே கூட்டத்தைத்தான் போகையில ஒருக்கா, வரையில ஒருக்கா எண்ணியிருக்கீய." புகையை விட்டுவிட்டு மெல்லக் கேட்டார். "அப்போ எங்களுக்குக் குஞ்சு வராதா?"

என் வாயில் அப்போதும் பொரி இருந்தது.

பொரிப் பையைக் கரையில் வைத்துவிட்டு உடனே படகேறி முழுவதையும் மறுபடி எண்ணினேன். படித்துறைப் பக்கம் ஒரே ஒரு தடவைதான் போனோம். திரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். திருத்திய அறிக்கையில் பொரியைப் பற்றியும் ஒரு பத்தி எழுதி, கையெழுத்துப் போட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மேலதிகாரி வாங்கிக்கொண்டார். முதல் அறிக்கையை அவர் இன்னும் திறக்கவே இல்லை. புரட்டாசியில் மீன்குஞ்சு வந்து இறங்கியது.