பண்ணைக்காரன் கதையில் நான் விட்ட பக்கங்கள்

கல்யாணமாகி அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து இர்விங்குக்கு வந்த முதல் கோடையில் எனக்கு வேலையும் இல்லை, லைசென்ஸும் இல்லை. அபார்ட்மெண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நூலகம் மட்டும் இருந்தது. அங்கேதான் அந்தத் தடித்த நாவலை எடுத்தேன். டெக்சஸ் வெறும் புல்வெளியாகக் கிடந்த காலத்துக் காதல் கதை. அட்டையில் தொப்பிக்காரன் ஒருவன் சட்டைப் பொத்தானைப் போடாமல் நின்றான். இதைப் போய்க் கணவர் கண்ணில் காட்டுவதா? மளிகைக்கடைக் காகிதப் பையைக் கிழித்து, பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல் அட்டை போட்டுவிட்டேன்.

"என்ன புக்குங்க?" என்று கேட்டார்.

"ஹிஸ்டரிங்க" என்றேன். முழுப் பொய்யும் இல்லை.

அதிகம் பேசாத மனிதர். கோயம்புத்தூர் மரியாதைக்கு மட்டும் குறைவில்லை. என்னையே "வாங்க, சாப்பிடுங்க" என்பார். சில வீடியோ கால்களில் பேசி முடித்த கல்யாணம். வந்த அன்றைக்கே, "புடிக்கலைன்னா சொல்லிருங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றார். நல்ல மனிதர்தான் என்று பட்டது. இவ்வளவு சுலபமாக விட்டுவிடுவாரா என்று கோபமும் வந்தது.

சாயங்காலங்களில் காரில் மேற்கே போவோம். ஃபோர்ட் வொர்த் நகரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கட்டடங்கள் ஓய்ந்து புல்வெளி தொடங்கிவிடும். பேச ஒன்றும் இல்லாததால், அன்றன்று படித்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாஸ்டனிலிருந்து ஒருத்தி, கடிதத்தில் மட்டுமே தெரிந்த பண்ணைக்காரனைக் கட்டிக்கொள்ள ரயிலேறி வருகிறாள். சொல்லச் சொல்ல மஞ்சள் வெயிலில் புல் அலையடிக்கும். ஃப்ரீவே கரைந்துபோய், எங்களுக்கு முன்னால் கூண்டு வண்டி ஒன்று ஆடி ஆடிப் போவதாகத் தோன்றும். அவரும் வேகத்தைக் குறைத்துவிடுவார். இந்த ஆளோடு இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று அப்போதெல்லாம் ஆசையாக இருக்கும்.

நாவலில் அத்தியாயத்துக்கு ஒரு முத்தமாவது இருந்தது. அதையெல்லாம் எப்படி வாய்விட்டுச் சொல்வது? தாண்டிவிடுவேன். அவன் வேலி கட்டினான், அவள் ரொட்டி சுட்டாள், மழை வந்தது என்று என் கதை போகும்.

ஒரு நாள், திரும்பி வந்துவிடு என்று அவளுக்கு அண்ணன் தந்தி அனுப்பும் இடத்துக்கு வந்தோம். போவதா இருப்பதா என்று அவள் யோசிக்கிறாள் என்றேன்.

"அனுப்பிரலாங்க அவளை" என்றார் அவர். "இத்தன நாள்ல ஒரு வாட்டியாச்சும் அவன் கையப் புடிச்சாளா? அவனப் புடிக்காமத்தான் இருக்கா பாவம். அவன்தான் புரிஞ்சுக்கோணும்."

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்களுக்கும் ஊருக்கு டிக்கெட் பார்த்து வெச்சிருக்கறனுங்க. ஒன் வே. புக் பண்ணிரட்டுங்களா?" என்று கேட்டார்.

இத்தனை நாளும் அவர் கேட்டுவந்தது எங்கள் கதையைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

"காரை நிறுத்துங்க" என்றேன். அடுத்த பெட்ரோல் பங்க்கில் ஓரமாக நிறுத்தினார்.

"பாதிக் கதைய நான் முழுங்கிட்டனுங்க."

"எந்தப் பாதி?"

முகம் சூடாகிவிட்டது. ஸ்டியரிங் மேலிருந்த அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அவ போக மாட்டாளுங்க" என்றேன்.

கடைசி அத்தியாயத்தை நான் அப்போது படித்திருக்கவே இல்லை.