தங்கத்துக்குக் கையெழுத்துப் போடாத ஸ்டெல்லா மேடம்

ஸ்டெல்லா மேடம் போய்விட்டார். இன்று விடியற்காலை, காவேரிப்பட்டினத்தில் அவர் வீட்டில்... மாரடைப்பு.

நேற்று சாயங்காலம்தானே "வரேம்பா" என்று பஸ் ஏறினார். நம்பவே முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓசூரில் எங்கள் லேபின் ஜியாலஜிஸ்ட் அவர். கர்நாடகா பக்கம் பூமியைத் துளைத்துத் துண்டு துண்டாக எடுக்கும் பாறைகள் எங்களிடம் லாரியில் வரும். அரைத்து மெஷினில் போட்டு, என்ன உலோகம் இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. அந்தப் பாறை எப்படி உண்டானது என்று சொல்வது மேடம் வேலை.

பச்சைக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "கடலுக்கு அடியில எரிமலை கக்கினதுப்பா இது. சுடுதண்ணி உள்ள பூந்து, செம்பையும் கந்தகத்தையும் உட்டுட்டுப் போயிருக்குது" என்பார். ஏதோ நேரில் பார்த்துவிட்டு வந்த மாதிரி!

ஒருமுறை அந்த மாதிரி ஒரு கல்லில் மெஷின் தங்கம் காட்டியது. ஆபீஸ் முழுக்க ஸ்வீட். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. ரிப்போர்ட்டில் மேடம் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அவர் போடவில்லை.

"தங்கம் மட்டும் தனியா வந்து குந்தாது சார். இதுக்கு மேல் துண்டுலயும் இல்ல, கீழ் துண்டுலயும் இல்ல. காலையில அரைச்ச பவுடரை விரலால தேச்சுப் பாத்தீங்களே... மோதிரத்தோடதான?"

எல்லோரும் மேனேஜர் கையிலிருந்த தங்க மோதிரத்தைப் பார்த்தோம். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மேடத்தின் கான்ட்ராக்ட் அந்த மாதம் முடிவதாக இருந்தது. நீட்டிக்க வேண்டியது அதே மேனேஜர். "மேடம், பாத்துப் பேசுங்க" என்று காதில் சொன்னேன்.

"வேல போனா போவுது. கல்லு சொல்லாததை நான் எப்படிப்பா சொல்றது?"

அதே கல்லில் வேறு துண்டை அரைத்தோம். தங்கம் துளிகூட இல்லை. "அப்ப அந்தத் துளையை மூடிட வேண்டியதுதான்" என்றார் மேனேஜர், கடுப்பாக.

"எதுக்கு மூடணும்? இந்தக் கல்லுல இருக்க வேண்டிய சோடியம் காணோம். சுடுதண்ணி அதைக் கரைச்சுக்கிட்டு இந்த வழியாத்தான் போயிருக்குது. இன்னும் ஆழமாத் துளைக்கச் சொல்லுங்க, செம்பு கிடைக்கும்."

துளைத்தார்கள். அடுத்த லாரியில் வந்த கல் மஞ்சளாக மின்னியது. தங்கமில்லை, செம்பும் கந்தகமும்! மேனேஜரே ஓடிவந்து, கான்ட்ராக்டை நீட்டிக்க மேடத்தைக் கூட்டிப்போனார். எனக்கு என்ன ஒரு கர்வம், நானே கண்டுபிடித்த மாதிரி...

அதிலிருந்து எந்த ரிப்போர்ட் போனாலும் கல் அனுப்பும் கிளையண்ட் கேட்பது ஒன்றுதான். "மேடம் பாத்தாச்சா?"

இன்று மதியமும் போன் வந்தது.

"மேடம் இல்லைங்க" என்றேன்.

"ஓ, லீவா? பரவால்ல, அவங்க வந்து பாத்தப்புறமே அனுப்புங்க."

அந்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் மேடத்தின் மேஜைமேல் வைத்தேன்.

போய் வாங்க மேடம்...