கர்நூலுக்குப் போன ஏழு வாஷர்கள்

பழைய உதிரிபாகத்தை ஒப்படைத்த பிறகே புதியதைக் கோர வேண்டும் என்பது பண்டகசாலை விதி. நகரிக்குப் பக்கத்தில் ஓர் அரசுத் தோட்டத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். ஆந்திர மாநிலம் பிரிந்து, தலைநகரும் கோப்புகளும் கர்நூலுக்குப் போயிருந்த சமயம். எங்கள் கிராமங்கள் ஆந்திராவிலேயே இருக்குமா, சென்னைக்குத் திரும்புமா என்பது யாருக்கும் தெரியாது.

தோட்டத்துச் சிறு டிராக்டர் மாடில்லாதவர்களுக்கு வாடகைக்கு உழும். அந்த ஆடியில் அதன் சக்கர அச்சில் பேரிங் உடைந்தது. மெக்கானிக் அதைக் கழற்றி வைத்துவிட்டு, மாற்று பேரிங் தேடிச் சித்தூர் லாரிப் பட்டறைகளுக்குப் போனார். பேரிங் மூடிக்கு அடியில், இடைவெளியைச் சரிக்கட்ட வைத்த, காகிதம் போல் மெல்லிய ஷிம் வாஷர்கள் ஏழு இருந்தன. விதிப்படி புதியவை கோருவதற்காக அவற்றைத் துடைத்து, உறையிலிட்டு, படிவத்துடன் கர்நூலுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மறுநாள் மெக்கானிக் பேரிங்கோடு வந்தார்.

"ஷிம் எங்க சார்?"

"கர்நூலுக்கு அனுப்பிட்டேன்."

"அளவு எடுத்தீங்களா?"

"ஏழுன்னு எழுதியிருக்கேன்."

"ஏழு இன்னா சார், இட்லியா? தடிமன் தெரியாம நான் இன்னாத்த வெச்சிப் பூட்றது?"

வேப்பமரத்தடியில் ஒருவர் குந்தியிருந்தார். அதுவரை கூலி வேலை மட்டுமே செய்தவர். அரசு அவருக்கு ஒரு ஏக்கர் புறம்போக்கை ஒதுக்கியிருந்தது. மூன்று வருடத்துக்குள் பயிர் வைக்காவிட்டால் ஒதுக்கீடு ரத்தாகும். இது மூன்றாவது வருடம். ஊரில் மாடு வைத்திருந்தவர்கள் அவருக்கு ஏர் பூட்ட மாட்டார்கள். காரணத்தை எந்தப் படிவமும் கேட்கவில்லை.

"மழ பேஞ்சிக்கீது சார்," என்றார் அவர். "ஈரம் நாலு நாளு தாங்கும்."

மெக்கானிக் மண்ணெண்ணெய்த் தகரத்தை வளையமாக வெட்டினார். ஒன்றை வைத்து மூடியை முடுக்கினால் சக்கரம் இறுகியது. கழற்றி இன்னொன்று வைத்தார். அப்படியே பொழுது சாயும்வரை. கடைசியில் சக்கரம் கைக்கு இலகுவாகச் சுற்றியது.

"தகரம் நசுங்கும் சார்," என்றார். "எவ்ளோ தாங்குமோ."

அரை ஏக்கர் தாங்கியது. பிறகு சக்கரம் ஆட ஆரம்பித்து, புது பேரிங்கும் நொறுங்கியது. நிலத்துக்காரரும் மனைவியும் மீதியை மண்வெட்டியால் கொத்தினார்கள். இரண்டு பாத்தி முடிவதற்குள் ஈரம் காய்ந்துவிட்டது.

வருவாய் ஆய்வாளர் வந்து, கடலை முளைத்திருந்த பாகத்தை மட்டும் அளந்து எழுதினார். மீதி ரத்தானது. அதைத் தன் பெயருக்கு ஒதுக்கி வாங்கியவரிடம் இரண்டு ஜோடி மாடுகள் இருந்தன. ரத்தை எதிர்த்து மனுவை நானே எழுதிக் கொடுத்தேன், பயனில்லை. பாதி நிலத்தை இழந்தவர் என்னைத் திட்டவில்லை. தோட்டத்துப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

எல்லை முடிவாகும் வரை எங்கள் தோட்டத்துக்கு உதிரிபாகம் வழங்க இயலாது என்று கர்நூலிலிருந்து பதில் வந்தது. நான் முத்திரை குத்தி வாங்கிக்கொண்ட தேதி, வாஷர்களை அனுப்பியதற்கு மறு வருடம் நவம்பர் பத்தொன்பது.