நடு கியரின் கமிஷன்

எங்கள் கல்லூரி பஸ் காலையில் வேப்பம்பட்டில் கிளம்பி, திருநின்றவூர், பெரியபாளையம் வழியாகப் புதுவாயலுக்கு வந்து, ஹைவேயில் ஏறி கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும். நான் திருநின்றவூரில் ஏறுவேன். முன்வரிசை ஆசிரியர்களுக்கு. பின்னால் ஒரு பக்கம் பெண்கள், இன்னொரு பக்கம் பையன்கள். நடுவில் இருக்கும் நடைபாதையை ஏதோ நாட்டு எல்லை மாதிரி எல்லோரும் மதித்து நடப்பார்கள். வழி முழுக்க டிரைவர் பாட்டுப் போடுவார். டெஸ்ட் இருக்கிற நாளில் மட்டும் யாரும் சொல்லாமலே நிறுத்திவிடுவார். பஸ்ஸில் எனக்குப் பிடித்த வழக்கம் அது ஒன்றுதான்.

மெக்கானிக்கல் பிரிவில் இயந்திரங்களின் இயக்கவியல் என்ற பாடத்தை நடத்துகிறேன். கற்பித்தலை மேம்படுத்துவது எப்படி என்று எங்களுக்கு அடிக்கடி வகுப்பு நடக்கும். ஏசி ஹாலில் உட்காரவைத்து, மாணவர்களிடம் ஸ்லைடை வாசிக்கக் கூடாது என்று ஒருவர் ஸ்லைடைப் பார்த்து வாசிப்பார். மதியம் சாப்பாடு நன்றாக இருக்கும். மறுநாள் நான் வகுப்புக்குப் போய், கியர் எப்படிச் சுழல்கிறது என்று கலர் கலராக அனிமேஷன் காட்டி, புரிந்ததா என்று கேட்பேன். எல்லோரும் ஒரே குரலில் "புரிஞ்சுது மேடம்" என்பார்கள். இத்தனை வருஷ வேலையில் அவ்வளவு பச்சைப் பொய்யை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஆனாலும் அதைக் கேட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். சிலபஸ் முடிய வேண்டுமே.

எங்கள் பஸ்ஸில் ஒரு பெண் வருவாள். பெரியபாளையத்துக்கு முந்தின நிறுத்தத்தில் ஏறுவாள். மெக்கானிக்கலில் பெண்கள் குறைவு என்பதால் முகம் சட்டென்று மனதில் நிற்கும். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள். அவளுடைய அப்பா கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கான்ட்ராக்டர் வழியாக வேலைக்குப் போகிறவர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள் இவள்தான். பரீட்சையில் ஒரு வருஷம் வீணாய்ப் போனாலும் படிப்பை நிறுத்திவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களோடு வேலைக்குக் கம்பெனி வேனில் ஏறிவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு. சேரும்போதே அப்படித்தான் ஒப்புக்கொண்டு வந்ததாக என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தாள். அதைப் புகாராகச் சொல்லவில்லை, பஸ் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

ஒரு டெஸ்ட் நாளன்று வழக்கம்போல் பாட்டு இல்லை. நான் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். பின்னால் அவள் குரல் கேட்டது. வகுப்பில் கேட்காத குரல், கணீரென்று. இடையிடையே பையன்கள் சந்தேகம் கேட்க, இவள் சொல்ல, சிரிப்பு. "கமிஷன்", "புரோக்கர்" என்ற வார்த்தைகள் காதில் விழுந்தன. எங்கள் ரோட்டில் எந்தப் பேச்சும் கடைசியில் பிளாட் விற்பனையில்தான் போய் நிற்கும். டெஸ்ட் நாளில்கூட இதுகளுக்கு ரியல் எஸ்டேட் பேச்சா என்று எரிச்சலோடு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

விடைத்தாள்களைத் திருத்தும்போது, ஒரு கணக்குக்கு வந்த பதில் என்னை நிறுத்தியது. மூன்று பல்சக்கரங்கள் வரிசையாக ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கின்றன. முதல் சக்கரம் சுற்றினால் கடைசிச் சக்கரம் என்ன வேகத்தில் சுற்றும் என்பது கேள்வி. நடுவில் இருப்பது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்த வேகம் மாறாது. முதலும் கடைசியும்தான் கணக்கு. நடு கியர் திசையை மட்டும் திருப்பிவிடும். ஆனால் சில பேர் முதலையும் கடைசியையும் வைத்துச் சரியான விடையைக் கண்டுபிடித்துவிட்டு, அதிலிருந்து நடு கியரின் பல்லுக்கு ஏற்ப ஒரு பங்கைக் கழித்திருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே மாதிரி. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு கழித்தல் கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே விடைத்தாள்களின் முதல் பக்கத்தில், இரண்டு மார்க் கேள்விக்கு, நடு கியரால் வேகம் மாறாது என்று இங்கிலீஷில் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்கள். நான் போர்டில் எழுதிப்போட்ட வாக்கியம் அது. உள்பக்கம் திருப்பினால் கழித்தல்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே விஷயம் கைமீறிவிட்டது. திருத்திய தாள்களில் சிலவற்றைக் கல்லூரித் தேர்வுப் பிரிவான எக்ஸாம் செல்லில் எடுத்துப் பார்ப்பார்கள். அங்கே இருந்த சார் கெட்டவர் இல்லை, ஆனால் காப்பி அடிப்பவனைப் பிடிப்பதற்கென்றே பிறந்தவர். வெவ்வேறு ஹாலில் எழுதிய பிள்ளைகள் ஒரே தப்பை எழுதியிருந்தால் அவருக்கு வேறென்ன தோன்றும்? விசாரித்ததில் எல்லோரும் ஒரே பஸ் என்று தெரிந்தது. பயந்துபோன பையன்கள், காலையில் பஸ்ஸில் அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தாள் என்று கைகாட்டிவிட்டார்கள். போதாக்குறைக்கு, கேள்வித்தாளைத் தயாரித்த நானும் அதே பஸ்ஸில் போகிறவள். கேள்வி முன்பே வெளியே வந்துவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

முறைகேடு என்று பதிவானால் அவளுக்கு அந்த செமஸ்டர் ஹால் டிக்கெட் கிடையாது. வருஷம் போய்விடும். அதற்கப்புறம் கம்பெனி வேன்தான்.

துறைத்தலைவர் அறையில் அவளை நிற்கவைத்தார்கள். நானும் அங்கே இருந்தேன். எப்போதும்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேள்வி உனக்கு எப்படித் தெரியும் என்று எக்ஸாம் செல் சார் கேட்டார். கேள்வி தெரியாது, கியர் வரும் என்று மட்டும்தான் தெரியும், அதை மேடம் வகுப்பிலேயே சொன்னார் என்றாள். அப்படியானால் இந்தக் கழித்தல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நடுவுல ஒருத்தன் நின்னுக்கினு இருக்கான் சார். வாங்கி அந்தாண்ட குடுக்கறான். சும்மாவா குடுப்பான்? அவன் கமிஷன எட்துக்கினுதான குடுப்பான். எங்க நைனாவுக்குக் கம்பெனி குடுக்கறது ஒண்ணு, கைக்கு வர்றது ஒண்ணு. அத்த வெச்சிதான் பசங்களுக்குச் சொன்னேன்."

எனக்கு அப்போதுதான் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்ட காலை நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்தது. இந்தப் பக்கத்தில் மனை வாங்கினாலும், கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாலும், வாடகைக்கு வீடு பார்த்தாலும் நடுவில் ஒருத்தர் இருப்பார். எதையும் எடுத்துக்கொள்ளாத நடு ஆளை இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. என் போர்டில் இருந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்தார்கள், நம்பவில்லை. அவள் சொன்னதை நம்பினார்கள்.

இது காப்பி இல்லை என்று நான் சொன்னேன். முதல் பக்கத்தில் சரியாக எழுதிவிட்டு உள்ளே தப்பாக எழுதியிருப்பதே காப்பிக்கு அடையாளம் என்றார் அவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "முதல் பக்கம்தான் சார் காப்பி, என்கிட்டேருந்து அடிச்சது. உள்பக்கம் அவங்க சொந்தமா யோசிச்சது" என்றேன். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் எந்தப் பக்கமும் சேர விரும்பாதபோது செய்வது அது.

கடைசியில் ஒரு வழி சொன்னேன். இன்றைக்கே, இப்போதே, அந்த பஸ் பிள்ளைகளைத் தனித்தனியாக உட்காரவைத்துப் புதிதாக ஒரு கணக்குக் கொடுங்கள். கணக்கை நான் தயாரிக்க வேண்டாம், நீங்களே தயாரியுங்கள். அவளை இந்த அறையிலேயே வைத்திருங்கள். அவர்கள் சொந்தமாக யோசித்தது என்றால் புதுக் கணக்கிலும் அதே கழித்தல் வரும் என்றேன். அவர் சம்மதித்தார். மனுஷர் கில்லாடி, நடுவில் ஒன்றுக்கு இரண்டு கியர் வைத்தார். டிராயிங் ஹாலில் தள்ளித் தள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள்.

நான் வராந்தாவில் நின்றேன். என் மாணவர்கள் எல்லோரும் தப்பாக எழுத வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டேன். இடைப்பட்ட நேரத்தில் யாராவது புத்தகத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தால் அவள் கதை முடிந்தது. திருவள்ளூர் வீரராகவப் பெருமாளை வேண்டுகிற வழக்கம் எனக்கு உண்டு, ஆனால் இந்த வேண்டுதலை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

தாள்கள் வந்தன. ஒருத்தன் சரியாக எழுதியிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தைத் திறந்திருக்கிறான், படவா. எக்ஸாம் செல் சார் அந்தத் தாளை என் பக்கம் தள்ளினார். அடுத்த தாளில் இரண்டு கியருக்கு இரண்டு முறை கழித்திருந்தது. அதற்கடுத்ததிலும் இரண்டு முறை, ஆனால் வேறு வரிசையில். இன்னொன்றில் இரண்டாவது கியருக்குப் பாதிதான் கழித்திருந்தான். கடைசியாக ஒரு தாளில், நடுவில் இரண்டு கியர் இருந்தும் ஒரே ஒரு முறைதான் கழித்திருந்தது. அவனை உள்ளே கூப்பிட்டு ஏன் என்று கேட்டார்.

"ரெண்டாவது ஆளு மொத ஆளோட சப்-ஏஜென்ட் சார். அவனுக்கு இவன்தான் குடுக்கணும். நம்ம கணக்குல வராது" என்றான் பையன்.

எக்ஸாம் செல் சார் தாளைக் கீழே வைத்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சிரித்தார். திருநின்றவூர்ப் பக்கம் அவரும் புரோக்கர் வழியாக ஒரு மனை வாங்கியிருந்தார் என்பது எனக்குப் பிறகு தெரியவந்தது. காப்பி அடித்தவனுக்கு சப்-ஏஜென்ட் எல்லாம் தோன்றாது என்று அவரே துறைத்தலைவரிடம் சொல்லி, பதிவு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். கணக்குக்கு மட்டும் மார்க் கிடையாது. அது நியாயம்தான்.

அவளிடம் சொன்னபோது தலையாட்டினாள். அழவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். அடுத்த டெஸ்ட் நாள் வந்தது. டிரைவர் பாட்டை நிறுத்தினார். பஸ் முழுக்க ஆளுக்கொரு மொபைலில் நோட்ஸை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார்கள். பையன்கள் கேட்டதற்கு, இனி சொல்லித்தர மாட்டேன், தெரியாமல் சொல்லி எல்லோரையும் மாட்டிவிட்டேன் என்றாளாம். நான் கேட்டதில் மிக மோசமான அமைதி அதுதான். வகுப்பில் அதே அமைதியை ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் அவளை லேபுக்கு வரச் சொன்னேன். மூலையில் கிடந்த பழைய கியர் மாடலைத் துடைத்து மேஜைமேல் வைத்திருந்தேன். நான் எதையும் விளக்கவில்லை. உன் கமிஷனை இதில் கண்டுபிடி என்று மட்டும் சொன்னேன். அவள் முதல் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினாள். ஒரு பல் நகர்ந்தால் நடுவில் ஒரு பல் நகர்ந்தது. அந்தாண்டையும் ஒரு பல் நகர்ந்தது. நடு சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டினாள். மறுபடி சுற்றினாள். பல்லில் சாக்பீஸால் குறி வைத்துக்கொண்டு, எங்காவது ஒன்று குறைகிறதா என்று தேடினாள். வெகுநேரம் தேடினாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குறுக்கே பேசாமல் இருப்பதுதான் எனக்கு அன்றைக்குக் கஷ்டமாக இருந்த வேலை.

"ஒண்ணுமே எடுக்கல மேடம்" என்றாள் கடைசியில். கொஞ்சம் ஏமாந்துபோன குரல். அப்படியானால் இது எதற்கு நடுவில் நிற்கிறது என்று கேட்டாள். இது இல்லாவிட்டால் முதலும் கடைசியும் எதிரெதிராகச் சுற்றும், இரண்டையும் ஒரே பக்கம் சுற்றவைக்க நிற்கிறது என்றேன். அவள் இன்னொரு முறை சுற்றிப் பார்த்தாள்.

நான் முன்வரிசையை விட்டு எழுந்தது அதற்கடுத்த டெஸ்ட் நாளில். பெரியபாளையம் தாண்டியதும் பின்னால் போய், ஒரு பெண்ணைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி இடம் பிடித்தேன். மொபைல்கள் பைக்குள் போயின. எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது, கேட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பையன்களைப் பார்த்தாள். பிறகு சீட்டில் திரும்பி, முழங்காலை ஊன்றி, சாய்மானத்தின் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். முதலில் போன தடவை சொன்னது தப்பு என்றாள். எங்கே தப்பு என்றும் சொன்னாள். சப்-ஏஜென்ட் பையன் விடவில்லை, கையைச் சுற்றிக்காட்டி வம்புக்கு நின்றான். நான் அனிமேஷனில் காட்டியபோது ஒருவரும் கேட்காத கேள்வியெல்லாம் புதுவாயல் வருவதற்குள் கேட்டு முடித்தார்கள். ஒரு இடத்தில் எனக்கே பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன்.

ஹைவேயில் ஏறியதும் பேச்சு ஓய்ந்தது. அவள் என் பக்கம் சாய்ந்து, லேபில் பார்த்ததை வீட்டில் சொன்னதாகச் சொன்னாள். சாப்பிட உட்கார்ந்த அப்பாவிடம் தட்டுகளை வரிசையாக வைத்து, நடுவில் நிற்கிறவன் வந்ததை அப்படியே அந்தாண்டை கொடுத்துவிடுகிறான், தனக்கென்று ஒன்றும் எடுப்பதில்லை என்று விளக்கினாளாம். அவர் கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் கடைசிவரை கேட்டாராம்.

"நம்பினாரா?" என்றேன்.

"நம்பிட்டாரு மேடம். அந்த மாதிரி ஆளு எந்தக் கம்பெனில கீறான்னு கேட்டாரு."