எட்டு மணி மாத்திரை

என் சிறுநீரகங்களில் ஒன்றைக் கணவருக்குக் கொடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நெய்வேலியில் ஒரு குவார்ட்டர்ஸின் பின்பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். அவர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. கூட்டம் சேர்க்காதீர்கள், தொற்று வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிறவர்களை எங்கள் ஊரில் யார் தடுப்பது? முதல் ஷிப்ட்காரர்கள் சாயங்காலம், இரண்டாம் ஷிப்ட்காரர்கள் காலையில் என்று முறை வைத்து வந்தார்கள். மாஸ்க் போடச் சொன்னால் தாடையில் மாட்டிக்கொண்டு பேசினார்கள்.

"என்னாப்பா, பொண்டாட்டி கிட்னியிலதான் வண்டி ஓடிக்கினு இருக்கா?"

கூட வேலை பார்க்கும் ஒருவர் வரும்போதெல்லாம் இதையே கேட்டுச் சிரிப்பார். என் கணவரும் சிரிப்பார். "அடுத்த மாசம் டூட்டிக்கு வந்துடுவேன்ணே" என்பார். அவர்கள் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வரமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொடுத்தவள் நான். குனிந்தால் இன்னும் விலா வலிக்கிறது. எப்படி இருக்கிறாய் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அந்த மாத ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. வைத்த சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தம்.

"மாத்திரைய நேரத்துக்குக் குடுக்கிறீங்களாம்மா?" டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

காலை எட்டு, இரவு எட்டு, ஒரு வேளைகூடத் தவறவில்லை என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் என் கணவர் வாயே திறக்கவில்லை. என்ன சாப்பிடக்கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்த டாக்டர், இந்த மனுஷன் தூங்குகிறாரா, எதற்குப் பயப்படுகிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆணியில் தூசி படிந்து தொங்கிய அவருடைய வேலைச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில், நான் வேளாவேளைக்குக் கொடுத்த மாத்திரைகள் ஒரு கை நிறைய.

"பார்க்க வர்றவங்க எதுர்ல எப்படிப் போடறது?" என்றார் என் கணவர். "இன்னும் மாத்திரையிலதான் இருக்கான்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டா வேலையிலேர்ந்து பேர அடிச்சுடுவாங்க. அவங்க போனப்புறம் போட்டுக்கலாம்னு வெச்சிடுவேன். அப்புறம் மனசே வராது. எதுக்குப் பொழச்சிக் கெடக்கணும்னு இருக்கும்."

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. என் உடம்பை அறுத்துக் கொடுத்ததை இந்த ஆள் சட்டைப் பையில் போட்டு வீணாக்கியிருக்கிறார். டாக்டர் என்னைக் கேள்வி கேட்டபோதும் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் இரவு எட்டு மணிக்கு, கிட்னியைச் சொல்லிச் சிரிக்கும் அதே நண்பர் இன்னும் இரண்டு பேரோடு உட்கார்ந்திருந்தார். மாத்திரையும் தண்ணீருமாகப் போய் எல்லார் முன்னாலும் நீட்டினேன். கணவர் கையை நீட்டவில்லை.

"போடுங்க. நான் இங்கதான் நிப்பேன்."

"அப்புறமா போட்டுக்கட்டுமேம்மா" என்றார் நண்பர்.

"அண்ணே, உள்ள இருக்கிறது என் கிட்னி. ஆயுசுக்கும் இவரு மாத்திரை போட்டாத்தான் அது நிக்கும். யார்கிட்ட சொல்லணுமோ போய்ச் சொல்லுங்க."

என் கணவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் வாங்கி விழுங்கினார்.

அந்த வாரமே காண்ட்ராக்டரின் ஆள் வந்து, சுரங்கத்துக்குள் போகிற கேட் பாஸைத் திருப்பிக் கேட்டான். பீரோவிலிருந்து எடுத்து நான்தான் கொடுத்தேன். அதற்குப் பிறகு யாரும் பார்க்க வரவில்லை. அவரும் என்னோடு பேசுவதில்லை. எட்டு மணியானால் மட்டும் கையை நீட்டுகிறார்.